அடியிலும் கொஞ்சம் கிரீஸ்

புதன்கிழமை தோறும் கார்வின் ஹெக்லண்டின் டிராக்டர் கொட்டகையில் நாலு பேர் கூடுவார்கள். சுவரோரம் நீளப் பலகை. அதில் இறுக்கித் திருகிய நாலு கைக்கருவிகள். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைச் சுத்தம் செய்து, புது வெடிமருந்தும் புதுக் குண்டும் வைத்து, மறுபடி தோட்டா ஆக்குவது அங்கே வேலை. மூலையில் காப்பி கொதித்துக்கொண்டிருக்கும். அதன் பக்கத்தில் ஒரு தகர டப்பா. தேன்மெழுகும் எண்ணெயும் சேர்த்துக் கார்வின் காய்ச்சிய கிரீஸ் அதில் இருக்கும்.

ஜூலை மாதம் ஒரு புதன்கிழமை தெரன் பாஸ்கம் அட்டைப்பெட்டியோடு வந்தான். பலகையில் வைத்துப் பிரித்தான். உள்ளே ஐந்நூறு குண்டுகள். எல்லாம் மிட்டாய் மாதிரிச் சிவப்பு.

“பூச்சுப் போட்ட ஈயக் குண்டு. நேத்துதான் தபால்ல வந்துச்சு,” என்றான். “ஒரு சந்தேகம் கேக்கலாமா?”

“கேளுங்க ஓஹையோக்காரரே,” என்றான் கார்வின். “நீங்க கேட்டா நாங்க இல்லன்னு சொல்லிருக்கமா?”

கார்வினுக்கு அறுபத்திரண்டு வயது. எழுநூறு மாடு வைத்திருந்தான். துப்பாக்கிக் கிளப்புக்கு அவன்தான் தலைவர். அவன் எதிரில் உட்கார்ந்திருந்த லாயல், அவன் சிரித்தால் சிரிப்பான்.

“வெறும் ஈயக் குண்டுன்னா கிரீஸ் போடணும்னு புஸ்தகத்துல இருக்கு,” என்றான் தெரன். “போடலன்னா குழல்ல ஈயம் ஒட்டிக்கும். அது சரி. பூச்சுப் போட்ட குண்டுக்கும் போடணுமா? புஸ்தகத்துல இல்ல. நெட்டுல பாத்தா ஒருத்தன் போடுங்கிறான், ஒருத்தன் போடாதங்கிறான், மூணாவது ஆள் வந்து ரெண்டு பேரையும் திட்டுறான். அதான், கையால செய்றவங்ககிட்டயே கேட்டுருவோம்னு.”

வேண்டாம். அவ்வளவுதான் பதில். பூச்சு போடுவதே ஈயம் குழலைத் தொடாமல் இருக்கத்தான். அதற்கு மேல் கிரீஸ் தடவுவது, சட்டையைக் கழற்றாமல் எண்ணெய் தேய்த்துக்கொள்வது மாதிரி. இது கார்வினுக்குத் தெரியும். லாயலுக்குத் தெரியும். பலகையின் கடைசியில் உட்கார்ந்து கூடுகளைத் துடைத்துக்கொண்டிருந்த மெர்ல் டிட்மருக்கு மற்ற இருவரையும்விட நன்றாகத் தெரியும்.

கார்வின் தொப்பியைக் கழற்றி முழங்காலில் தட்டினான்.

“போடணுமாவா?” என்றான். “வெறும் ஈயத்துக்குப் போடுறதவிட ரெண்டு பங்கு போடணும். பூச்சு வழவழன்னு இருக்கில்ல? கிரீஸ் புடிக்காது. அதனால அள்ளி அப்பணும். லாயல், அந்த டப்பாவ எடுத்துக் குடு அவருக்கு.”

லாயல் டப்பாவை எடுக்கப் போகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

தெரன் முட்டாள் இல்லை. குலுங்கிய தோளைப் பார்த்தான். கார்வின் முகத்தைப் பார்த்தான். பிறகு பலகையின் கடைசிக்குத் திரும்பினான்.

“மெர்ல், நீங்க சொல்லுங்க. நெசமாத்தானா?”

மெர்ல் சிரித்திருக்கவில்லை. அதனால்தான் தெரன் அவனைக் கேட்டான்.

பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை மெர்ல் ஒரு தோட்டாவில் மருந்து போட மறந்துவிட்டான். விசையை அழுத்தியபோது புஸ் என்றது. குண்டு குழலுக்குள் பாதி வழியில் நின்றுகொண்டது. கார்வின் பித்தளைக் கம்பியும் சுத்தியலும் கொண்டுவந்தான். மொத்தக் கிளப்பும் சுற்றி நிற்க அதைத் தட்டி எடுத்தான். அன்றோடு மெர்லின் பெயர் போயிற்று. தானியக் கிடங்கில் அவன் லாரிகளுக்கு எடை போடும் ஜன்னலில், தேவாலய வாசலில், கடைத்தெருவில், எங்கேயும் புஸ்தான். அவன் மனைவி விவாகரத்து வாங்கிக்கொண்டு ராபிட் சிட்டிக்குப் போனபோது, “ஏண்டா புஸ்ஸு, அங்கயும் மருந்து போட மறந்துட்டியா?” என்று கேட்டான் கார்வின். மெர்லின் அம்மாவைப் புதைத்த அன்று குழியோரத்தில் நின்று லாயல் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். “தைரியமா இரு புஸ்ஸு,” என்றான். கேலிக்குச் சொல்லவில்லை. அதுதான் பெயர் என்று பழகிவிட்டது.

மார்ச் மாதம் ஓஹையோவிலிருந்து தெரன் வந்தான். ஊரில் பூட்டிக்கிடந்த கறிக்கடையை வாங்கி மனைவியோடு குடியேறினான். முப்பத்தாறு வயது. காதடைப்பானைத் தலைகீழாக மாட்டிக்கொள்வான். குண்டு படாத இலக்குத் தட்டிடம் மன்னிப்புக் கேட்பான். வெற்றுக் கூடுகளைக் குனிந்து பொறுக்கும்போது எல்லாருடையதையும் பொறுக்கிக் கொடுப்பான். இரண்டே வாரத்தில் கார்வின் கேலிக்கு ஆளை மாற்றிக்கொண்டான். நாலு மாதமாக மெர்லின் காதில் அந்தப் பெயர் விழவில்லை. இந்த நாலு மாதத்தில் அவனுக்கு ஆறு கிலோ கூடியிருந்தது.

இப்போது கார்வின் அவனைப் பார்த்தான். லாயல் பார்த்தான். டப்பா பலகைமேல் இருந்தது.

“நெசந்தான்,” என்றான் மெர்ல். அதோடு விட்டிருக்கலாம். வாய் நிற்கவில்லை. “சுத்தி மட்டும் போட்டா பத்தாது. அடியிலயும் கொஞ்சம் வழிச்சு வைக்கணும். கட்டை விரலால அழுத்தி.”

“அடியிலயுமா? மருந்து பக்கமா?”

“அந்தப் பக்கந்தான்.”

“சரிங்க. அடியிலயும்,” என்றான் தெரன். சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டான்.

டப்பாவோடு அவன் வண்டி கிளம்பிப் போகிறவரை கார்வின் பொறுத்திருந்தான். பிறகு பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது.

“அடியிலயும்!” என்றான். “ஐயோ, கட்டை விரலால அழுத்தியாம்! சனிக்கிழம பாரு, ரயில் இஞ்சின் மாதிரி பொகை விடப் போறான். மூஞ்சி கரிச்சட்டி ஆயிரும்.” எழுந்து வந்து மெர்லின் முதுகில் ஓங்கி அறைந்தான். “இத்தன நாள் எங்கடா வச்சிருந்த இதெல்லாம்? மெர்ல், நீ பெரிய ஆள்டா.”

மெர்ல் என்று கூப்பிட்டான். முதுகு வீடு போய்ச் சேரும் வரை எரிந்தது. மெர்லுக்கு அது வேண்டியிருந்தது.

*

கார்வினும் லாயலும் புகையை மட்டும்தான் நினைத்தார்கள். மெர்லுக்கு அதற்கு மேலும் தெரியும். அந்தப் பழைய சனிக்கிழமைக்குப் பிறகு, தோட்டா நிரப்புவது பற்றிக் கிடைத்த புத்தகம் ஒன்றைக்கூட விடாமல் படித்தவன் அவன். குண்டின் அடியில் வைத்த கிரீஸ் வெயிலில் உருகும். உருகினால் கீழே இருக்கிற மருந்தில் இறங்கும். இறங்கினால் மருந்து நனைந்த திரி மாதிரி. பற்றினாலும் பற்றும். பாதி பற்றிப் பாதியில் விட்டாலும் விடும். குண்டு குழலில் நிற்கும். நிற்கிறது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும்.

வெயில் படாத இடத்தில் வைத்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கறிக்கடைக்குப் போனான். வெப்பம் நூற்று மூன்று டிகிரி. தெருவில் தார் இளகிக் கிடந்தது. கடை வாசலில் தெரனின் வண்டி வெயிலில் நின்றது. கண்ணாடிக்கு உள்ளே, ஸ்டீரிங்குக்கு முன்னால் இருக்கிற பலகையில், இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஐம்பது தோட்டா. நாளைக்கு மறக்காமல் இருக்க வைத்திருந்தான்.

மெர்ல் கொஞ்ச நேரம் கண்ணாடி ஓரமாக நின்றான்.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. கல்லாவுக்குப் பின்னால் நின்ற பெண், தெரனின் மனைவி நாடின், அவனைக் கண்டதும் உள்பக்கம் திரும்பி, “இங்க வா, உன் வாத்தியார் வந்திருக்காரு,” என்று கூப்பிட்டாள். பிறகு குரலைத் தணித்தாள். “ரெண்டு ராத்திரி முழங்கை வரைக்கும் கிரீஸோட உக்காந்திருந்தான். மெர்ல் சொன்னபடி, மெர்ல் சொன்னபடின்னு ஒரே பாட்டு. ஒங்களுக்கு நன்றி சொல்லணும். மத்தவங்க இவன எப்டி நடத்துறாங்கன்னு எனக்குத் தெரியும். இவனுக்குத்தான் தெரியாது.”

தெரன் ரத்தம் படிந்த ஏப்ரனோடு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

“நூறும் முடிச்சிட்டேன். ஒவ்வொண்ணுலயும் மருந்த நிறுத்து நிறுத்துப் போட்டேன். ஒண்ணு கூட விடல. அடியில வச்சேன். நீங்க சொன்ன மாதிரியே கட்டை விரலால அழுத்தி.” இடது கைக் கட்டை விரலை நிமிர்த்திக் காட்டினான். நகக்கண்ணில் இன்னும் மெழுகு இருந்தது.

“வண்டியில வச்சிருக்கியே,” என்றான் மெர்ல்.

“ஆமா. ஏன், வைக்கக் கூடாதா?”

சொல்லிவிடலாம். வெயிலில் வைக்காதே என்று சொன்னால் ஏன் என்பான். ஏன் என்று சொன்னால் அடியில் எதற்கு வைக்கச் சொன்னீர்கள் என்பான். அது நாளைக் காலை கார்வின் காதுக்குப் போகும். போட்ட கூத்தைக் கலைத்தவன் யார் என்று கேள்வி வரும். பெயர் அவனுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

“பூட்டி வை. ஜனங்க எடுத்துருவாங்க,” என்றான்.

நாடின் அரைக் கிலோ சாசேஜைக் காகிதத்தில் சுற்றி அவன் கையில் வைத்து அழுத்தினாள். காசு வாங்க மாட்டேன் என்றாள். அன்று இரவு அதை வறுத்துத் தின்றான். நன்றாக இருந்தது.

*

கிளப்பின் சுடுகளம் ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட சரளைக் குழி. சனிக்கிழமை பத்து மணிக்கு முப்பது பேர் கூடியிருந்தார்கள். வரிசையாக ஆறு இரும்புத் தட்டுகள். ஒவ்வொருவராக வந்து, மணி அடித்ததும் ஆறையும் சாய்க்க வேண்டும். வேகம்தான் கணக்கு. சுடுகிறவனின் வலது தோளுக்குப் பின்னால் நேரக்கருவியோடு ஒருவன் நிற்பான். மணியை அடிப்பவன் அவன்தான். காதைத் தீட்டிக்கொண்டு நிற்பவனும் அவன்தான். வெடிச் சத்தம் குறைந்தால், அந்த நொடியே நிறுத்து என்று கத்த வேண்டும். சுடுகிறவனுக்கு அவசரத்தில் தெரியாது. பின்னால் நிற்பவனுக்குத் தெரியும்.

அந்த விதி முன்பு எழுத்தில் இல்லை. மெர்ல்தான் கேட்டு வாங்கினான். களத்தின் வாசலில் வெள்ளைப் பலகையில் சிவப்புப் பெயிண்டால் எழுதியிருந்தது: சத்தம் குறைந்தால் நிறுத்து. எழுத்து மெர்லுடையது. நேரக்கருவியைப் பிடிக்கிற வேலையையும் அவனிடமே கொடுத்திருந்தார்கள். “இவனுக்குத் தெரியாத புஸ்ஸா?” என்று அன்றைக்குக் கார்வின் சொன்னான்.

தெரன் ஏழாவது ஆள். மாமனார் கல்யாணத்துக்குக் கொடுத்த ரிவால்வர் கையில். ஆறு தோட்டா போட்டான். பின்னால் கயிற்றுக்கு அப்பால் கார்வினும் லாயலும் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். விஷயம் பரவியிருந்தது. இன்னும் பத்துப் பேர் சிரிக்கத் தயாராக நின்றார்கள். நாடின் கையில் எலுமிச்சைச் சாறோடு ஓரமாக இருந்தாள்.

“தயாரா?” என்றான் மெர்ல்.

தெரன் தலையசைத்தான். இரண்டு கையாலும் பிடித்தான். இடது கை வலது கையைச் சுற்றி. கட்டை விரல் மேலே, முன்னால் நீட்டி. அப்படி நீட்டாதே என்று யாரும் அவனுக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை.

மணி அடித்தது.

முதல் வெடி. தட்டு விழுந்தது. வெள்ளையாகப் புகை குபுக்கென்று கிளம்பி அவன் தலையை மறைத்தது. பின்னால் சிரிப்பு வெடித்தது.

“ஏய், அடுப்ப ஊதுறாண்டா!”

இரண்டாவது வெடி. இன்னும் புகை. தட்டு விழவில்லை.

“வெள்ளப் பொகை வந்திருச்சு, ரோமுல புதுப் போப்பாண்டவர் கெடச்சிட்டாருடோய்!” இது கார்வின். மெர்ல் மாட்டியிருந்த மின்காதடைப்பான் வெடியை அடக்கி, பேச்சை மட்டும் தெளிவாகக் காதில் போட்டது.

மூன்றாவது.

புஸ்.

மெர்லுக்கு அந்தச் சத்தம் அவன் பெயர். முப்பது பேரில் வேறு யாருக்கும் அது அவ்வளவு சீக்கிரம் புரிந்திருக்காது. வாய் திறந்தது. காற்றும் வந்தது. அந்த அரை நொடியில் அவன் பின்னால் வரப்போகிற சிரிப்புக்காகக் காத்திருந்தான். அந்தச் சத்தத்தை இந்த முறை வேறு ஒருவன் எழுப்பியிருந்தான். கார்வின் அதைக் கேட்க வேண்டும். கேட்டு, பெயரை எடுத்து அங்கே வைக்க வேண்டும்.

“புஸ்ஸு!” என்று லாயல் கூவினான். “புதுப் புஸ்ஸுடா!”

“நிறு…” என்றான் மெர்ல்.

நான்காவது தோட்டா வெடித்தது.

புகை விலகியபோது தெரன் நின்றுகொண்டுதான் இருந்தான். ரிவால்வரின் மேல் பாதி காணவில்லை. குழல் வாழைப்பூ மாதிரி விரிந்திருந்தது. இடது கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தான். கட்டை விரலும் அடுத்த இரண்டும் அங்கே இல்லை.

“நான் சரியாத்தான் போட்டேன்,” என்று மெர்லிடம் சொன்னான். பிறகு உட்கார்ந்தான்.

கார்வின் ஓடி வந்தான். இடுப்புப் பட்டையைக் கழற்றி முழங்கைக்குக் கீழே இறுக்கினான். கன்றுக்குக் கட்டுப்போட்ட கை. தப்பில்லாமல் கட்டியது. லாயல் முழந்தாளிட்டுச் சரளைக் கல்லில், வெற்றுக் கூடுகளுக்கு நடுவே, விரல்களைத் தேடினான். பீர் வைத்த பெட்டியில் பனிக்கட்டி இருந்தது. அதில் வைக்க ஒன்றும் கிடைக்கவில்லை. நாடின், ஹெலிகாப்டர் தெரனைப் பில்லிங்ஸ் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிறவரை எலுமிச்சைச் சாறுக் குவளையைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

*

அடுத்த புதன்கிழமை கொட்டகையில் மூன்று பேர். காப்பி கொதித்தது. கார்வின் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான்.

“அவன் ஒண்ணுல மருந்து போட மறந்துருக்கான்,” என்றான். “அவ்ளோதான். புதுசா வர்றவன் செய்றதுதான்.”

“அதேதான்,” என்றான் லாயல்.

“கிரீஸப் பத்தி யாராச்சும் பேசினமா?”

“எனக்கு ஞாபகம் இல்ல.”

“டப்பாவ அவனே கேட்டான். குடுத்தோம். கிரீஸ் கேட்டவனுக்குக் கிரீஸ் குடுக்குறது குத்தமா?” கார்வின் மெர்லைப் பார்த்தான். “நீ என்ன சொல்ற?”

“வெயில்ல வச்சிருந்தான். உருகி எறங்கியிருக்கும்,” என்றான் மெர்ல்.

லாயல் கார்வினைப் பார்த்தான்.

“அப்டி ஆகும்னு ஒனக்குத் தெரியுமா?” என்றான் கார்வின். குரலில் கோபம் இல்லை. “எனக்குத் தெரியாது. லாயலுக்குத் தெரியாது. நாங்க பொகைக்காகச் சொன்னோம். அடியில வைக்கச் சொன்னது யாரு?”

மெர்ல் கூடு ஒன்றைத் துணியால் துடைத்தான். அது ஏற்கனவே பளபளத்தது.

“நேரக்கருவி யாரு கையில இருந்துச்சு? நிறுத்துன்னு யாரு கத்தணும்? நானா?” கார்வின் எழுந்து காப்பி ஊற்றிக்கொண்டான். “நான் ஒன்னக் காட்டிக்குடுக்க மாட்டேன். பயப்படாத. அவன் மருந்து போட மறந்துட்டான். மூணு பேருக்கும் அதுதான் ஞாபகம். சரியா?”

“சரி.”

“குடிடா காப்பிய. ஆறுது பாரு, புஸ்ஸு.”

திரும்பி வந்துவிட்டது. இப்போது தெரனைக் கேலி செய்ய முடியாது. மூன்று விரல் இல்லாதவனை வைத்துச் சிரிக்க முடியவில்லை. எடை ஜன்னலில், தேவாலயத்தில், கடையில், எல்லாம் பழையபடி. ஆகஸ்ட் போனது. செப்டம்பர் போனது. அறுவடை லாரிகள் வரிசை கட்டி நிற்க ஓட்டுநர்கள் கத்தினார்கள்: “புஸ்ஸு, சீக்கிரம் எடை போடு!” ஏறிய ஆறு கிலோ இறங்கிவிட்டது.

*

நவம்பரில் மான் வேட்டைக் காலம் திறந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமையே கார்வின் ஒன்று, மெர்ல் ஒன்று அடித்தார்கள். அடித்த மானை உரித்து வெட்டிப் பொட்டலம் கட்டித் தர ஊரில் தெரன் கடை ஒன்றுதான். கார்வின் வண்டியைப் பின்வாசலில் நிறுத்தினான். இறங்கவில்லை. லாயலும் இறங்கவில்லை.

“நீ போய்ச் சொல்லு,” என்றான் கார்வின். “நீதான் வாத்தியாராச்சே.”

உள்ளே ஏழு மான்கள் தலைகீழாகத் தொங்கின. தெரன் எட்டாவதை உரித்துக்கொண்டிருந்தான். இடது முன்கையில் தோல் பட்டை. அதில் இரும்புக் கொக்கி. கொக்கியால் தோலை இழுத்து, வலது கைக் கத்தியால் அறுத்தான். கை முழுசாக இருந்திருந்தால் பத்து நிமிஷத்தில் முடிகிற வேலை. மெர்ல் நின்று பார்த்த பத்து நிமிஷத்தில் ஒரு கால்தான் முடிந்தது. இரண்டு தடவை கொக்கி நழுவியது. நாடின் சுவரோரம் காகிதத்தில் கறியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடி சுற்றினாள்.

“மெர்ல்!” என்றான் தெரன். “வாங்க, வாங்க. ஆஸ்பத்திரிக்கு வந்து பாத்தது நீங்க ஒருத்தர்தான். நான் அத மறக்கல.”

மெர்ல் ஒரே ஒரு தடவை போயிருந்தான். தெரனுக்கு ஏதாவது புரிந்திருக்கிறதா என்று பார்க்க.

“ரெண்டு மான் இருக்கு. ஒண்ணு என்னோடது, ஒண்ணு கார்வினோடது,” என்றான்.

“போட்டுட்டுப் போங்க. கொஞ்சம் நாள் ஆகும். இப்ப கை…” தெரன் கொக்கியை ஆட்டிக் காட்டினான். “கார்வின் கார்டு அனுப்பிருந்தாரு. வசந்தத்துல மறுபடி வாங்கன்னு. எல்லாரும் கையெழுத்துப் போட்டுருந்தாங்க.”

“தெரியும்.”

“வரலாம்னு இருக்கேன். இவளுக்குப் புடிக்கல. ஆனா வலது கை இருக்கில்ல? சுட அது போதும். தோட்டாவும் நானே போடுவேன். குண்டு இன்னும் நானூறு கெடக்கு.” கத்தியை மேசையில் வைத்தான். “மெர்ல், ஒண்ணு கேக்கணும். நான் நாலு மாசமா அதையே யோசிக்கிறேன். நூறு தோட்டாவுலயும் மருந்து நிறுத்துப் போட்டேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. எல்லாரும் மறந்துட்டேன்னு சொல்றாங்க. மறந்திருக்கலாம். ஆனா இந்தக் கிரீஸ்… இவ அந்த டப்பாவத் தூக்கிப் போடுங்கிறா. நீங்களே சொல்லுங்க. அந்தச் சிவப்புக் குண்டுக்குக் கிரீஸ் வேணுமா, வேண்டாமா?”

நாடினின் கை நின்றது.

வேண்டாம் என்று சொன்னால் போதும். சொன்னால், இந்தக் கொக்கிக்குக் காரணம் அந்த நிமிஷமே தெரனுக்குப் புரிந்துவிடும். சொல்லாவிட்டால் இன்னொரு ஜூலை வரும்.

வெளியே கார்வின் ஹார்னை அழுத்தினான். “டேய் புஸ்ஸு!” என்று லாயல் கத்துவது தகரக் கதவைத் தாண்டிக் கேட்டது. “உள்ள என்னடா, குடும்பம் நடத்துறியா?”

“யாரு புஸ்ஸு?” என்றான் தெரன்.

“சும்மா. பழைய பேரு.”

“ஒங்களயா கூப்டுறாங்க? நான் கேட்டதே இல்லயே.”

“நீ வந்த பெறகு கூப்பிடல,” என்றான் மெர்ல்.

தெரன் காத்திருந்தான். முகத்தில் சந்தேகமே இல்லை. கேள்வி மட்டும்தான் இருந்தது.

“கொஞ்சமாப் போடு,” என்றான் மெர்ல். “சுத்தி, லேசா. அது போதும்.”

அதுவே பாதுகாப்பு. சுற்றி மட்டும் என்றால் புகை வரும், வேறு ஒன்றும் ஆகாது. மெர்லுக்கு மூச்சு வந்தது.

“சரி,” என்றான் தெரன். நோட்டை எடுக்க வலது கையைத் துடைத்தான். பிறகு நிறுத்தினான். “அடியில? போன தடவ அடியிலயும் வைக்கச் சொன்னீங்களே. அது வேணுமா, வேண்டாமா?”

நாடின் இப்போது நேராக மெர்லின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மானிலிருந்து சொட்டு ரத்தம் சிமெண்டுத் தரையில் விழுந்தது. இன்னொரு சொட்டு விழுந்தது.

“அடியிலயும்,” என்றான் மெர்ல். “கொஞ்சம்.”

தெரன் எழுதிக்கொண்டான். “கேட்டியா?” என்றான் மனைவியிடம். “டப்பாவத் தூக்கிப் போட்டுடாத.” நாடின் காகிதத்தைக் கீழே வைத்தாள்.  பிறகு ஒரு பொட்டலம் சாசேஜை எடுத்து வந்து மெர்லின் கையில் வைத்தாள்.

வெளியே பனி தூற ஆரம்பித்திருந்தது. மெர்ல் இரண்டு மானையும் பின்வாசலில் இறக்கிப் போட்டுவிட்டு வண்டியில் ஏறி, லாயலுக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்து, கதவைச் சாத்தினான்.

“என்ன சொல்றான்?” என்றான் கார்வின்.

“வசந்தத்துல வர்றானாம். தோட்டாவும் அவனே போடுவானாம். கிரீஸோட.”

கார்வின் அவனை ஒரு கணம் பார்த்தான். பிறகு சிரித்தான். லாயலும் சிரித்தான்.

“அட, மெர்ல்,” என்றான் கார்வின், கியரைப் போட்டுக்கொண்டே.

பொட்டலம் மடியில் சில்லென்று இருந்தது. வீடு போய்ச் சேரும் வரை யாரும் அவனைப் புஸ் என்று கூப்பிடவில்லை.